பின்னோக்கிப் பறந்த நாரை

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று என் பற்கள்மேல் சத்தியம் செய்கிறேன். முப்பத்திரண்டில் இருபத்தெட்டு நானே செய்தவை. ஆகவே இது சாதாரணச் சத்தியம் அல்ல. செய்தவனே கொடுக்கும் உத்தரவாதம்.

நாற்பது வருடம் பல் செட் செய்வது என் தொழிலாக இருந்தது. டாக்டர் வாய்க்குள் அளவெடுத்து அனுப்புவார். நான் என் அறையில் உட்கார்ந்து மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் பல் செய்து அனுப்புவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் செய்த செட் ஒன்றுக்கு ஒருநாள் பல்வலி வந்துவிட்டது. அதன் சொந்தக்காரர் அதை ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார். டாக்டரும் அதில் ஒரு பல்லைச் சொத்தை என்று எடுத்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. குட்டி டிரில், மெழுகுக் கத்தி, நக அளவுக்கு வெட்டிய உப்புத்தாள் எல்லாம் என்னோடு வீட்டுக்கு வந்திருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு பழைய மாடல் விமானங்களைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். ஒரு காலத்தில் டிக்கெட் விற்கும் அலுவலகங்களின் கண்ணாடி ஜன்னலில் ஒற்றைக் கம்பியில் நின்ற விமானங்கள். வெயிலில் மஞ்சளாகி, இறக்கையில் விரிசல் விட்டு, எஞ்சின் உதிர்ந்து என்னிடம் வரும். மூன்று மாதத்தில் அவற்றை மறுபடி பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஒருமுறை ஏழு விமானங்களுக்குப் பெயின்ட் அடித்து, காய்வதற்காக மொட்டைமாடியில் வரிசையாக வைத்திருந்தேன். விமான நிலையத்துக் கோபுரத்திலிருந்து போன் வந்தது. "ஐயா, உங்க மூணாவது விமானம் ஓடுபாதைக்குக் குறுக்க நிக்குது. மேல இருந்து பாக்குற விமானிங்க குழம்புறாங்க. கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார்கள். தள்ளி வைத்தேன். அரசாங்கத்தோடு எனக்கு எப்போதும் தகராறு கிடையாது.

என் மனைவிக்குத்தான் தகராறு. "உக்கார நாற்காலி இல்லாத வீட்ல முப்பத்தெட்டு விமானம் நிக்குது. இதுல ஏதாவது ஒண்ணுல ஏறி ஒரு தடவையாவது வெளியூர் போயிருக்கோமா?" என்பாள்.

"டிக்கெட் எடுக்காம எப்படி ஏத்துவாங்க?" என்பேன்.

இந்த வேலையில் பெயின்ட் அடிப்பது பாதிதான். மீதிப் பாதி, விமானத்தின் மேல் வரும் எழுத்து, கோடு, ஜன்னல், சின்னம். இவற்றைத் தூரிகையால் எழுத முடியாது. கம்ப்யூட்டரில் வரைந்து, மேலே மெல்லிய படலம் உள்ள ஒருவகைக் காகிதத்தில் அச்சடித்து, மூன்று தடவை வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்க மறந்தால், தண்ணீரில் போட்டவுடன் மை கரைந்து விமான நிறுவனமே திவாலாகிவிடும். காய்ந்த பிறகு கத்தியால் வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறப் போட்டால், காகிதத்தைவிட்டுப் படலம் வழுக்கிக்கொண்டு வரும். அதை விமானத்தின் மேல் நகர்த்தி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் உண்டு. நான் தண்ணிப்படம் என்பேன். ஒருதடவை நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது தும்மல் வந்துவிட்டது. ஒரு ஜன்னல் பறந்துபோய் என் மனைவியின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் அவள் "என்ன, மேகமூட்டமாவே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அந்த ஜன்னல் வழியாக ஒரு இறக்கை தெரிகிறது என்றாள். அதன் பிறகுதான் நான் எடுத்துவிட்டேன்.

தண்ணிப்படத்தில் எல்லோரும் ஒருதடவையாவது செய்கிற தப்பு ஒன்று உண்டு. வாலில் பறவைச் சின்னம் இருக்கிறது என்று வையுங்கள். பறவை எப்போதும் விமானத்தின் மூக்கைப் பார்த்துத்தான் பறக்க வேண்டும். இடப்பக்கத்துக்கு ஒரு பறவை வரைந்தால், வலப்பக்கத்துக்கு அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைய வேண்டும். திருப்ப மறந்து ஒரே படத்தை இரண்டு அச்சடித்தால், இடப்பக்கம் பறவை ஊருக்குப் போகும். வலப்பக்கம் அதே பறவை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். என் முதல் விமானத்தில் நானும் அதைச் செய்தேன். ஒட்டி, காயவைத்து, மூன்று நாள் அழகு பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது.

என் மனைவியோடு காலையில் நடக்கப் போகிறவர்களில் ஒரு அம்மா உண்டு. எல்லோரும் அவரை ரிவர்ஸ் அக்கா என்பார்கள். என்னைவிட ஒன்பது வயது சின்னவர் என்பதால் எனக்குத் தங்கை முறை. ஆனாலும் ஊர் வழக்கப்படி நானும் அக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இல்லாமல்போன ஒரு விமான நிறுவனத்தில், பயணிகளின் பெட்டியை எடைபோட்டு உள்ளே அனுப்பும் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அவர் கணவர் அதே நிறுவனத்தில், விமானங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கொட்டகையின் சூப்பர்வைசர். ரிவர்ஸ் என்ற பெயரை வைத்தது அவர்தான்.

ஒருநாள் அந்த அம்மா ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு முழ நீளத்துக்கும் மேல் ஒரு விமானம். அவர்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலக வரவேற்பறையில் நின்ற மாடல். நிறுவனத்தை மூடியபோது முன்னாள் ஊழியர் சங்கத்துக்கு வந்து, அவர்களுடைய சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் இருபது வருடம் கிடந்ததாம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சங்கச் செயலாளரிடம் சாவி வாங்கி இவரே தனியாகப் போய்த் தூசி தட்டி எடுத்துவந்திருந்தார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். மூக்கு நசுங்கியிருந்தது. இடது இறக்கையில் விரிசல். ஒரு எஞ்சினைக் காணோம். ஜன்னல் வரிசையில் பாதி உதிர்ந்து, வெள்ளையெல்லாம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மற்றபடி முழுசாகத்தான் இருந்தது.

"எங்க சங்கத்தோட வருஷக் கூட்டத்துக்கு நாலு மாசம் இருக்கு அண்ணா. இந்த வருஷம் இதை மேடையில வெக்கலாம்னு செயலாளர் சொல்லியிருக்கார். முடியுமா?"

"முடியும். கடைசியா இருந்த வெள்ளை டிசைன்லதானே?"

என் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரை அவர் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"எனக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"காரைப் பின்னாடி எடுக்கும்போது எங்கயாவது இடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாது" என்றார். பிறகு சொன்னார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன், நிறுவனம் புது டிசைன் போட்டது. நீல வாலில் ஆரஞ்சு நிற நாரை. முதல் விமானம் பெயின்ட் அடித்து வந்து, பயணிகளை ஏற்றிப் பறக்க ஆரம்பித்தது. பயணிகள் ஏறுவது எப்போதும் இடப்பக்கம். அவர்கள் பார்த்தது இடப்பக்க நாரையை. ஆனால் இவருடைய கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. விமானம் கிளம்பித் திரும்பும்போது அதில் வலப்பக்கம் மட்டும் அரை நிமிடம் தெரியும். அந்தப் பக்கத்து நாரை பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது. விமானம் முன்னால் போக, நாரை பின்னால் போக.

"வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். கல்யாணம் ஆகி ஆறு மாசம் அப்ப. விழுந்து விழுந்து சிரிச்சார். தினமும் பாத்தேன் அண்ணா, ஒன்பது நாள். பத்தாவது நாள் பாத்தா நாரை ஒழுங்கா முன்னாடி பாத்துட்டு இருக்கு. அந்த வருஷக் கூட்டத்துலதான் இவர் முதல்முதலா அந்த ஜோக்கைச் சொன்னார். ‘எல்லாப் பறவையும் முன்னாடி பறக்கும். என் வீட்டம்மா பாத்தா மட்டும் பின்னாடி பறக்கும். நல்லவேளை, விமானத்தை இவ கையில குடுக்கல.’ எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேர்ந்து வருஷா வருஷம் சொல்றார். புது மருமகன் வந்து ரெண்டு மாசம் ஆகல, அவனே ‘ரிவர்ஸ் அத்தை’ங்கிறான்."

"வேற யாரும் பாக்கலயா?"

"பெட்டி ஏத்துற பசங்க பாத்திருப்பாங்க. அவங்களுக்குப் பெட்டியைப் பாக்கவே நேரம் இல்ல. இவர் என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். கண்ணு நல்லா இருக்குன்னார் டாக்டர். இவர் விடல. ‘எதுக்கும் போட்டுக்கோ’ன்னு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தார். பவரே இல்லாத கண்ணாடி. எட்டு வருஷம் போட்டேன்."

"ஏன் போட்டீங்க?"

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணா" என்றார் அவர். "மத்தவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நான் பாத்தேனா இல்லயான்னு எனக்கே தெரியாமப் போச்சு பாருங்க, அதுதான்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் விமானத்தைப் பார்த்தேன்.

அவர் வந்த விஷயம் இதுதான். அந்த நிறுவனத்தில் ஒரு பழக்கம் இருந்தது. புது டிசைன் எதுவானாலும் விமானத்தில் அடிப்பதற்கு முன் இந்த வரவேற்பறை மாடலில்தான் அடித்துப் பார்ப்பார்கள். அதே கொட்டகை, அதே ஆட்கள், அதே பெயின்ட். பழையதைச் சுரண்ட மாட்டார்கள். அதன் மேலேயே அடிப்பார்கள். பெரிய முதலாளி வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் நிஜ விமானத்துக்குப் போகும். மாடலோ வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிற்கும். அந்தப் பக்கத்தை முதலாளி ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அப்படியென்றால் விமானத்தில் நடந்த தப்பு மாடலில்தான் முதலில் நடந்திருக்க வேண்டும். வலப்பக்க வாலில், வெள்ளைக்குக் கீழே, அதற்குக் கீழே, அதற்கும் கீழே.

"கொஞ்சமா சுரண்டிப் பாக்க முடியுமா? இருந்தா இருக்கு. இல்லன்னா எனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சிட்டுப் போறேன்."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது, என் மனைவி வேறு போட்டுக் கொண்டுவந்தாள்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். மூக்கை நிமிர்த்தினேன். விரிசலை மாவு வைத்து அடைத்துத் தேய்த்தேன். காணாமல்போன எஞ்சினைப் பல் செட் செய்யும் பிளாஸ்டிக்கில் வார்த்தேன். அதனால் அந்த எஞ்சின் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கும். ஜன்னல் கோடுகளைத் திருத்த ஒற்றை முடித் தூரிகை வேண்டியிருந்தது. என் இடது புருவத்திலிருந்து பிடுங்கினேன். இந்த வேலையில் இதுவரை பதினேழு முடி போயிருக்கிறது. அந்தப் பக்கம் எனக்கு ஆச்சரியமே வருவதில்லை.

வாலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். காரணம் பயம் அல்ல. யோசனை.

சரிசெய்வது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்த நாளுக்குச் சரிசெய்வது? ஒரு விமானம் பிறந்தபோது ஒரு நிறம், வளர்ந்தபோது ஒரு நிறம், விற்றபோது ஒரு நிறம். வாடிக்கையாளர் வந்து "பழையபடி ஆக்கிக் குடுங்க" என்பார். பழையபடி என்றால் அவர் மனதில் ஒரு குறிப்பிட்ட நாள் இருக்கிறது. அந்த நாளைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க மாட்டார். நான் புகைப்படத்தைப் பார்ப்பேன். புகைப்படம் எடுத்தவர் எப்போதும் நல்ல பக்கத்தில்தான் நின்றிருப்பார். இந்த நிறுவனத்துக்கு எனக்குக் கிடைத்த பதினான்கு படங்களும் இடப்பக்கம். வலப்பக்கத்தைப் பார்த்த ஒரே சாட்சிக்குப் பவர் இல்லாத கண்ணாடி மாட்டிவிட்டார்கள்.

நடுவில் ஒருநாள் சூப்பர்வைசர் போன் செய்தார். அவரை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

"மாடல் உங்ககிட்ட இருக்குன்னு வீட்ல சொன்னாங்க. நல்லா பண்ணுங்க சார். கடைசியா இருந்த வெள்ளையிலயே முடிச்சிடுங்க. கீழ எல்லாம் நோண்டாதீங்க."

"ஏன் சார்?"

"பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். தூசி உள்ள போனா உங்க உடம்புக்கு ஆகாது."

என் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறைப்பட்ட அந்நியர் உலகத்தில் அவர் ஒருவர்தான். போனை வைத்தவுடன் என் மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கீழ ஒண்ணுமே இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"இல்லன்னா இல்ல."

"அவங்ககிட்ட அப்படியே சொல்லிடுவீங்களா?"

"நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது. சிரித்திருக்க வேண்டும்.

பிறகு வாலை எடுத்தேன். வலப்பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடம் குறித்துக்கொண்டு, மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தேன். அவசரப்பட்டால் எல்லா அடுக்கும் ஒரேயடியாகப் போய்விடும். பத்து சுற்று, துடை, பார். பத்து சுற்று, துடை, பார். வெள்ளை மெலிந்து அதன் நடுவில் பாலாடை நிறத்தில் ஒரு தீவு எழுந்தது. அது ஒரு டிசைன். அந்தத் தீவுக்குள் நீலம். நீலத்துக்குள் ஆரஞ்சில் ஒரு கீற்று: அது ஒழுங்கான நாரையின் கழுத்து, முன்னால் பார்த்தது. எல்லாரும் பார்த்த நாரை. அதையும் தேய்த்தேன். மறுபடி ஒரு மெல்லிய நீலம். அதற்கும் கீழே, வரைபடத்தில் மலையைச் சுற்றிக் கோடு போட்டிருப்பார்களே, அப்படி வளையம் வளையமாக நின்ற நிறங்களின் நடுவில், ஒரு அலகும் ஒரு கண்ணும் தெரிந்தன. அலகு விமானத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சள் கலந்த பச்சையாய், எல்லாவற்றுக்கும் அடியில் அடிக்கும் பூச்சு.

இதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

"ஒரு தீப்பெட்டி அளவு சுரண்ட மூணு வாரமா?" என்றாள் என் மனைவி.

"ஈயம் இருக்கே, பாத்துப் பாத்துத்தானே சுரண்டணும்."

அவள் பூதக்கண்ணாடியை வாங்கி நீண்ட நேரம் பார்த்தாள். "கண்ணு நல்லா வந்திருக்கு" என்றாள். நாரைக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மீதி விமானத்தை வெள்ளையில் முடித்தேன். ஜன்னல், கதவு, பெயர், கோடு எல்லாம் தண்ணிப்படம். இடப்பக்க வால் பளபளவென்று புதிது. வலப்பக்க வாலில் அந்தத் தீப்பெட்டி இடத்தை மட்டும் அப்படியே விட்டு மேலே வார்னிஷ் அடித்தேன். அந்த அம்மாவுக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. "கூட்டத்துக்குக் கொண்டுவர்றேன்" என்று மட்டும் சொல்லியனுப்பினேன். "இருக்கா?" என்று அவர் கேட்டதாக என் மனைவி வந்து சொன்னாள். "நீ என்ன சொன்ன?" என்றேன். "‘அவர் இன்னும் சிரிக்கல, நீங்களும் சிரிக்க வேண்டாம்’னு சொன்னேன்" என்றாள்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அறுபது எழுபது பேர். எல்லோரும் வேலையில் இருந்தபோது வெட்டிக்கொண்ட மாதிரியே இன்னமும் தலைமுடி வெட்டிக்கொண்டிருந்தார்கள்; முடிதான் குறைவு. மேடையில் மேசை, அதன் மேல் துணி போர்த்திய விமானம். எனக்கு முதல் வரிசையில் இடம். ரிவர்ஸ் அக்கா மூன்றாவது வரிசையில், ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் வரவேற்றார். பிறகு எல்லோரும் ஒரே குரலில் "சூப்பர்வைசர், நாரை! நாரை!" என்றார்கள். சூப்பர்வைசர் எழுந்தார். உயரமான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே மேடை ஏறி, ஜோக்கைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். முப்பத்தொரு வருடம் பழகிய ஜோக், எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்கே தெரியும். ஹால் முழுவதும் சிரித்தது. மருமகனும் சிரித்தான். அந்த அம்மா கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் துணியை எடுத்தேன். கைதட்டினார்கள். இடப்பக்கம் அவர்களைப் பார்த்து இருந்தது.

"வேலை செய்யும்போது ஒரு இடத்துல கொஞ்சம் ஆழமாத் தேய்ச்சுட்டேன். மன்னிக்கணும். மூட மனசு வரல" என்று சொல்லி விமானத்தைத் திருப்பிவைத்தேன். "கொட்டகையில இருந்தவங்க யாராவது வந்து பாத்து இது என்னன்னு சொன்னா நல்லா இருக்கும்."

கொட்டகையில் இருந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் வளையங்களை எண்ணினார், உதடு அசைந்தது. பிறகு நகத்தால் அந்த மஞ்சள் பச்சை ஓரத்தைத் தொட்டார்.

"இந்தப் பூச்சு எங்க கிடைச்சுது உங்களுக்கு?" என்றார் மெதுவாக.

"கிடைக்கல சார். கீழ இருந்துச்சு."

அவர் நிமிரவில்லை. முதல் வரிசைக்காரர்கள் எழுந்துவந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அட, அலகு பின்னாடி இருக்கு!" என்றார் ஒருவர். "எங்க? எங்க?" என்று பின்வரிசை எழுந்தது. சூப்பர்வைசர் மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பார்க்க, சம்பளம் வாங்க வரிசையில் காத்திருந்து களைத்தவர்போல் இருந்தார்.

"அட்டை வெட்டினது நான்தான்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, மைக் அவர் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நாரை வரையற அட்டை. எந்தப் பக்கம் வெக்கணும்னு பசங்க கேப்பாங்கன்னு, ‘இந்தப் பக்கம் வெளியே’ன்னு பெருசா எழுதி வெச்சேன். அதே அட்டையை வலப்பக்கத்துக்குத் திருப்பி வெக்கணும்னு எழுதல. அவங்க எழுதினபடி செஞ்சாங்க. ரெண்டு பக்கமும் இந்தப் பக்கம் வெளியே. அவங்க மேல தப்பில்ல."

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார் செயலாளர்.

"இவ வந்து சொன்ன அன்னைக்குத்தான். மறுநாள் போய்ப் பாத்தேன். விமானம் கொட்டகைக்கு வர ஒன்பது நாள் ஆச்சு. வந்ததும் நானே நீலம் அடிச்சு மூடி, நாரையைத் திருப்பிப் போட்டேன். மாடல்ல…" அவர் வாலைப் பார்த்தார். "மாடல்ல எப்பப் போட்டேன்னு ஞாபகம் இல்ல. போட்டிருக்கேன்."

"ஏன்யா சொல்லல?"

"அப்பச் சொன்னா வேலை போயிருக்கும். அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள ஜோக் நல்லா ஓட ஆரம்பிச்சுடுச்சு."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப சூப்பர்வைசர்தான் ரிவர்ஸ்!" ஹால் மறுபடி வெடித்தது. முப்பத்தொரு வருடமாக ஒருபக்கம் சிரித்தவர்கள், அதே வாயைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபக்கம் சிரித்தார்கள்.

அந்த அம்மா எழுந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. மேடைக்கு வந்து வாலைப் பார்த்தார். அலகை, கண்ணை, வளையங்களை. நானும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு திரும்பி ஹாலைப் பார்த்து, கவுன்ட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்துகிற குரலில் சொன்னார்:

"சிரிச்சது போதும். ஒன்பது நாள், அவ்வளவுதான். எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

போனார்கள். கணவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். நான் துணியை மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதை அங்கே வைத்தேன்.

"எட்டு வருஷம் மூக்குல தழும்பு இருந்துச்சு எனக்கு" என்றார் அவர்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தினமும் பாத்தேனே."

அந்த அம்மா கணவரின் கையிலிருந்த மைக்கை வாங்கி, அணைத்துவிட்டு, கீழே வைத்தார். அதற்கு மேல் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நீண்ட நேரம் பேசினார்கள். பெரும்பாலும் அவர்தான் பேசினார். சூப்பர்வைசர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அண்ணா, வால் ரொம்ப நல்லா வந்திருக்கு."

"உங்க வால்தானே" என்றேன்.

அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

அட்டைப்பெட்டியில் வைத்து அவர் என்னிடம் கொண்டுவந்த அன்று, அந்த விமானத்துக்கு வால் கிடையாது.